30 விநாடி விளம்பரம் வாக்காளர் மனதில் என்ன செய்கிறது? அமெரிக்க அதிபர் தேர்தல் காணொளிகள்: ஒரு விளக்கம்

2011 டிசம்பரில் டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரி 30 விநாடி விளம்பரம் ஒன்றை வெளியிட்டார். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆவதற்காக அவர் போட்டியிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. பழுப்பு நிற மேல்சட்டை, பின்னால் பசுமையான வெளி, கேமராவை நேராகப் பார்த்துப் பேச்சு. நான் கிறிஸ்தவன் என்று சொல்ல வெட்கப்படவில்லை என்று தொடங்குகிறார். ஒருபாலீர்ப்பாளர்கள் ராணுவத்தில் வெளிப்படையாகப் பணியாற்றலாம், ஆனால் நம் பிள்ளைகள் பள்ளியில் பிரார்த்தனை செய்யக்கூடாது என்றால் நாட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று போகிறது பேச்சு. சில நாட்களுக்குள் யூடியூபில் லட்சக்கணக்கானோர் அதற்கு 'டிஸ்லைக்' போட்டுவிட்டார்கள். 'லைக்' போட்டவர்கள் அதில் சிறு பங்குகூட இல்லை.

அப்போது இரண்டு விதமாகப் பேசப்பட்டது. விளம்பரம் படுதோல்வி என்றது ஒரு தரப்பு. அது அயோவா மாநிலத்தின் தீவிர கிறிஸ்தவ வாக்காளர்களுக்காக எடுத்தது, வெளியாட்கள் திட்டத் திட்ட அவருக்கு லாபம்தான் என்றது இன்னொரு தரப்பு. 2012 ஜனவரி 3 அன்று அயோவாவில் உட்கட்சி வாக்கெடுப்பு நடந்தது. பெர்ரிக்குச் சுமார் 10 சதவீத வாக்குகளுடன் ஐந்தாவது இடம். இரண்டு வாரம் கழித்துப் போட்டியிலிருந்தே விலகினார்.

அப்படியென்றால் டிஸ்லைக் போட்டவர்கள் சொன்னதுதான் சரியா? அப்படியும் எடுத்துக்கொள்ள முடியாது. அவர்களில் பெரும்பாலோர் அயோவாவில் வாக்களிக்கப் போகிறவர்களே இல்லை. வாக்களிக்கப் போகிறவர்களுக்கோ, அதே விஷயத்தைப் பேச ரிக் சான்டோரம் உட்பட வேறு வேட்பாளர்கள் இருந்தார்கள். பெர்ரியைப் பற்றி அவர்கள் மனதில் பதிந்திருந்த காட்சியும் வேறு. நவம்பர் 9 விவாத மேடையில், தான் மூடப்போவதாகச் சொன்ன மூன்று துறைகளில் மூன்றாவதன் பெயரை மறந்து தடுமாறிய காட்சி அது. விளம்பரம் அந்தக் காட்சியைத் தொடவே இல்லை.

ஒரு தேர்தல் காணொளி வாக்காளரிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். விளம்பரம் எடுப்பவர் பாதிதான் எடுக்கிறார். மீதிப் பாதி பார்ப்பவரின் மனதில் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் பொருந்தினால் வேலை செய்யும், பொருந்தாவிட்டால் எவ்வளவு அழகாக எடுத்தாலும் செய்யாது.

முதலில் அடிப்படை: யார் எடுக்கிறார்கள், யார் பார்க்கிறார்கள்?

அதிபர் தேர்தல் விளம்பரம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் சட்டம் வேறு வேறு.

1. வேட்பாளரின் சொந்த விளம்பரம். தொலைக்காட்சியில் வரும்போது "நான் இன்னார், இந்தச் செய்திக்கு என் ஒப்புதல் உண்டு" என்று வேட்பாளரே தன் குரலில் சொல்ல வேண்டும். இது 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த விதி. இன்னொரு விதியும் உண்டு, அது பலருக்குத் தெரியாது. சட்டப்படி தகுதி பெற்ற வேட்பாளரின் விளம்பரத்தில் உள்ள செய்தியை ஒலிபரப்பு நிலையங்கள் தணிக்கை செய்யக்கூடாது. அதில் பொய் இருக்கிறது என்று தெரிந்தாலும் வெட்ட முடியாது. 'ஒப்புதல்' என்ற அந்த வரி யார் பொறுப்பு என்பதைத்தான் சொல்கிறது. சொன்னது உண்மை என்று யாரும் சான்று தரவில்லை.

2. வெளிக்குழுக்களின் விளம்பரம். 2010-இல் வந்த நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு 'சூப்பர் பேக்' எனப்படும் குழுக்கள் வரம்பில்லாமல் பணம் திரட்டிச் செலவழிக்கலாம். வேட்பாளரோடு கலந்து திட்டமிடக்கூடாது என்பது நிபந்தனை. இவர்களுடைய விளம்பரத்தை நிலையங்கள் மறுக்கலாம். தேர்தலை ஒட்டிய வாரங்களில் வேட்பாளருக்குக் கிடைக்கும் குறைந்தபட்சக் கட்டணச் சலுகையும் இவர்களுக்குக் கிடையாது.

3. இணையத்துக்கு மட்டும் எடுப்பவை. பல நேரங்களில் இவற்றைத் தொலைக்காட்சியில் போடும் எண்ணமே இருக்காது. செய்தியாளர்களும் ஆதரவாளர்களும் பகிர வேண்டும், நன்கொடை வர வேண்டும் என்பதுதான் நோக்கம்.

யார் பார்க்கிறார்கள் என்பதும் முக்கியம். அதிபர் தேர்வு, மாநில வாரியாகப் பிரித்துத் தரப்பட்ட தேர்வாளர் குழுவின் 538 வாக்குகளில் 270 பெறுவதைப் பொறுத்தது. அநேகமாக எல்லா மாநிலங்களிலும் வென்றவருக்கே அந்த மாநிலத்தின் மொத்த வாக்கும் போகும். அதனால் முடிவு முன்கூட்டியே தெரிந்த மாநிலங்களில் விளம்பரத்துக்குப் பணம் கொட்ட மாட்டார்கள். 2024-இல் இரு தரப்பும் குறிவைத்தவை பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா ஆகிய ஏழு மாநிலங்கள். ஒரே விளம்பரத்தை பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க்கில் இருப்பவர் ஒரு மாலையில் பல தடவை பார்த்து அலுத்திருப்பார். முடிவு முன்கூட்டியே தெரிந்த கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸில் இருப்பவர் அதைத் தன் ஃபோனில் யாரோ பகிர்ந்து, ஒரே ஒரு தடவை பார்த்திருப்பார். நாமும் இரண்டாமவர் மாதிரிதான் பார்க்கிறோம். அதை வைத்து முதலாமவருக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று சொல்லிவிட முடியாது.

பார்ப்பவரே நிரப்பிக்கொள்ளும் பாதி

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர் டோனி ஷ்வார்ட்ஸ் என்ற ஒலி வல்லுநர். கேட்பவரின் மனதுக்குள் புதிதாக எதையும் திணிக்க முயலாதே, அங்கே இருப்பதை அதிர வை என்பது அவர் கொள்கை. 1964-இல் அதிபர் லிண்டன் ஜான்சனுக்காக அவர் பங்கேற்ற 'டெய்சி' விளம்பரம் இன்றும் பாடமாக இருக்கிறது.

அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு சிறுமி பூவின் இதழ்களைப் பிய்த்தபடி எண்ணுகிறாள். ஐந்துக்கு அடுத்து ஏழு என்கிறாள், பிறகு ஆறு, மறுபடி ஆறு, எட்டு, ஒன்பது, மறுபடி ஒன்பது. குழந்தையின் தப்புக் கணக்கில் நாம் நெகிழ்ந்து நிற்கும்போது ஓர் ஆண் குரல் பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணத் தொடங்குகிறது. அந்தக் குரலில் தப்பே இல்லை. கேமரா சிறுமியின் கண்ணுக்குள் போகிறது. பூஜ்ஜியம் வந்ததும் அணுகுண்டு வெடிக்கிறது. ஒருவரையொருவர் நேசிக்க வேண்டும், இல்லையேல் சாக வேண்டும் என்கிறது ஜான்சனின் குரல். நவம்பர் 3 அன்று ஜான்சனுக்கு வாக்களியுங்கள் என்று முடிகிறது.

எதிர் வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டரின் பெயர் எங்கேயும் வரவில்லை. வரத் தேவையும் இல்லை. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணுப் போரின் விளிம்புக்குப் போன கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தை எதிர்த்து 1963-இல் செனட்டில் வாக்களித்தவர் கோல்ட்வாட்டர். வியட்நாம் காட்டின் இலைகளை உதிர்க்கச் சிறிய அணு ஆயுதங்களைப் பயன்படுத்துவது பற்றித் தொலைக்காட்சிப் பேட்டியில் பேசியவரும் அவர்தான். பார்த்தவர்கள் பெயரைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். தானே போட்ட பெயரோடு யார் வாதாடுவது?

1964 செப்டம்பர் 7 அன்று கட்டண விளம்பரமாக ஒரே ஒரு தடவைதான் அது ஒளிபரப்பானது. அப்புறம் செய்தி நிகழ்ச்சிகள் அதைத் திரும்பத் திரும்பக் காட்டின. ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும்: ஜான்சன் அதற்கு முன்பே வெகுவாக முன்னணியில் இருந்தார். 61 சதவீத வாக்குகளோடு 44 மாநிலங்களில் அவர் வென்றதற்கு இந்த ஒரு நிமிடத்தைக் காரணம் காட்டுவது மிகை.

இசை மாறினால் பார்வையும் மாறுகிறது

விளம்பரத்தில் சொல்லப்படும் வாக்கியங்களைத்தான் நாம் விவாதிக்கிறோம். ஆனால் அவற்றின் கீழே ஓடும் இசையும் படங்களும் தனியாக ஒரு வேலை செய்கின்றன. டெட் பிரேடர் என்ற அரசியல் அறிவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். 1998-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் பதவிக்கான உட்கட்சித் தேர்தலின்போது, ஒரே வசனத்தை வைத்துக்கொண்டு இசையையும் படங்களையும் மட்டும் மாற்றிச் சிலருக்குக் காட்டினார்.

உற்சாகமான இசையும் குழந்தைகள் விளையாடும் படங்களும் வந்தபோது, வாக்களிக்கும் ஆர்வம் கூடியது. ஆனால் பார்த்தவர்கள் ஏற்கெனவே யாரை விரும்பினார்களோ அந்த விருப்பம்தான் இன்னும் இறுகியது. பதற்றமான இசையும் இருண்ட படங்களும் வந்தபோது, பழைய விருப்பம் தளர்ந்தது. மேலும் தகவல் தேடும் நாட்டம் வந்தது. முன்னணியில் இருப்பவர் மலர்ச்சியான விளம்பரம் போடுவதற்கும், பின்தங்கியவர் பயத்தைத் தூண்டுவதற்கும் உள்ள காரணம் இதிலேயே கிடைக்கிறது.

1984-இல் ரொனால்ட் ரீகனுக்காக எடுத்த 'அமெரிக்காவில் மீண்டும் விடியல்' விளம்பரம் முதல் வகை. ஹால் ரைனி என்ற விளம்பர வல்லுநர் எழுதி, அவரே தன் கனிந்த குரலில் பேசியது. ரீகன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வேலைக்குப் போகிறவர்கள், புது வீட்டுக்குக் குடிபோகும் குடும்பம், ஒரு கல்யாணம். இன்று ஏறக்குறைய 2,000 குடும்பங்கள் வீடு வாங்கும், 6,500 இளைஞர்களும் இளம்பெண்களும் திருமணம் செய்துகொள்வார்கள் என்று எண்ணிக்கை சொல்கிறது குரல்.

அந்த ஆண்டு வேலையின்மை இன்னும் 7 சதவீதத்துக்கு மேல்தான் இருந்தது. ரீகன் பதவியேற்றபோது இருந்த அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 1982 இறுதியில் அது 10.8 சதவீதத்தைத் தொட்டிருந்தது. ஆக, பார்த்தவர்கள் தங்கள் தெருவிலேயே ஒரு திருப்பத்தைக் கண்டிருந்தார்கள். அனுபவத்தில் இருந்ததை விளம்பரம் படமாக்கியது, அவ்வளவுதான். 1982-இல் இதே விளம்பரம் வந்திருந்தால் பார்த்தவர்களுக்குக் கோபம்தான் வந்திருக்கும்.

பொருந்தாத படம் எதிரிக்குப் போய்ச் சேரும்

1988 செப்டம்பர் 13. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மைக்கேல் டுகாகிஸ், மிச்சிகனில் உள்ள ஒரு டாங்கித் தொழிற்சாலைக்குப் போனார். பாதுகாப்பு விஷயத்தில் அவர் பலவீனமானவர் என்ற பேச்சை முறியடிப்பது நோக்கம். பெரிய தலைக்கவசம் அணிந்து, டாங்கியிலிருந்து தலை நீட்டிப் புன்னகைத்தபடி மைதானத்தைச் சுற்றி வந்தார். அந்தக் காட்சியைக் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் புஷ்ஷின் அணி அப்படியே எடுத்து, டுகாகிஸ் எதிர்த்ததாகச் சொல்லப்படும் ஆயுதத் திட்டங்களின் பட்டியலை அதன் மேல் ஓடவிட்டு விளம்பரமாக்கியது. அக்டோபரில், நாடே பார்க்கும் பேஸ்பால் இறுதிப் போட்டிகளின் நடுவே அது வந்தது.

படம் ஒன்றுதான். டுகாகிஸ் அதை எடுத்தது வலிமைக்குச் சாட்சியாக. வாக்காளர் கண்ணுக்கு அது வேஷமாகத் தெரிந்தது. அவரைப் பற்றி முன்பே இருந்த சந்தேகத்தோடுதான் எல்லோரும் பார்த்தார்கள். ராணுவத்தில் பல ஆண்டு இருந்த ஒருவர் அதே கவசத்தோடு வந்திருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

2008-இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஆவதற்காக ஒபாமாவோடு போட்டியிட்ட ஹிலாரி கிளிண்டனின் 'அதிகாலை 3 மணி' விளம்பரத்துக்கு வேறு சிக்கல். தூங்கும் குழந்தைகள், வெள்ளை மாளிகையில் அடிக்கும் தொலைபேசி, அதை எடுக்க அனுபவசாலி வேண்டாமா என்ற கேள்வி. ஒபாமா அணி அதே நாளில் அதே பாணியில் பதில் விளம்பரம் போட்டது. போதாததற்கு, தூங்கும் காட்சி பல ஆண்டுகளுக்கு முன் எடுத்துச் சேமித்து வைத்த படம். அதில் தூங்கிய சிறுமிகளில் ஒருத்தி இப்போது வளர்ந்து ஒபாமா ஆதரவாளராக இருந்தார். பிறகு ஒபாமாவின் விளம்பரம் ஒன்றில் அவரே தோன்றினார். ஆனாலும் சில நாட்களில் நடந்த ஒஹையோ, டெக்சாஸ் வாக்குப்பதிவுகளில் கிளிண்டனே முந்தினார். ஒரு விளம்பரம் ஊரெல்லாம் விமர்சிக்கப்படுவதும், வாக்காளரிடம் எடுபடாமல் போவதும் ஒன்று கிடையாது.

சொல்லாமல் சொல்வது

இந்தத் துறையின் மிக மோசமான பக்கமும் 1988-இல்தான் எழுதப்பட்டது. மாசசூசெட்ஸில் கைதிகளுக்கு வாரயிறுதி விடுப்பு தரும் திட்டம் இருந்தது. டுகாகிஸ் அந்த மாநிலத்தின் ஆளுநர். கொலைக் குற்றத்துக்குச் சிறையில் இருந்த ஒருவர் விடுப்பில் வெளியே வந்து கொடிய குற்றங்கள் செய்தார். புஷ்ஷை ஆதரித்த ஒரு வெளிக்குழு அந்தக் கறுப்பினக் கைதியின் காவல்துறைப் புகைப்படத்தைக் காட்டி விளம்பரம் போட்டது. இனத்தைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. புஷ் அணியின் அதிகாரபூர்வ விளம்பரமோ, கைதிகள் ஒரு சுழல்கதவு வழியாக உள்ளே போய் வெளியே வருவதாகக் காட்டியது. அதில் பெயரும் இல்லை, அந்தப் புகைப்படமும் இல்லை. பார்த்தவர்கள் மனதில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. அந்த விடுப்புத் திட்டம் 1972-இல் ஒரு குடியரசுக் கட்சி ஆளுநர் காலத்தில் தொடங்கியது என்ற தகவல் எந்தப் படத்திலும் இல்லை.

இதை ஆராய்ந்த டாலி மென்டல்பெர்க் என்ற அரசியல் அறிவியலாளர் ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டார். இனவாதம் மறைமுகமாக இருக்கும்வரைதான் இத்தகைய விளம்பரம் பலிக்கிறது. கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் போன்றவர்கள் இது இனவாதம் என்று வெளிப்படையாகப் பெயர் சொன்ன பிறகு அதன் தாக்கம் குறைந்தது. தன்னை நியாயவான் என்று நினைக்கும் வாக்காளர், தன் அச்சத்துக்கு வேறு காரணம் காட்ட முடிகிறவரை அதைச் சுமக்கிறார். முடியாதபோது இறக்கி வைக்கிறார். ஆகவே இப்படிப்பட்ட விளம்பரத்தைக் கண்டும் காணாமல் விடுவதே நல்லது என்று ஆலோசகர்கள் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பெயர் சொல்லிக் காட்டியே ஆக வேண்டும்.

சரி, உண்மையில் எத்தனை பேரை நகர்த்துகிறது?

இங்கேதான் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆய்வுகள் சொல்வது இது:

1. தாக்கம் உண்டு, ஆனால் சீக்கிரம் கரைந்துவிடும். இதற்கு நல்ல சான்று தந்தவர் ரிக் பெர்ரியேதான். 2006 டெக்சாஸ் ஆளுநர் தேர்தலில், எந்தப் பகுதியில் எந்த வாரம் எவ்வளவு விளம்பரம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க அவர் அணி ஆய்வாளர்களை அனுமதித்தது. விளம்பரம் ஓடிய வாரத்தில் ஆதரவு தெளிவாக ஏறியது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் காணாமல் போயிருந்தது.

2. அதிபர் தேர்தலில் தாக்கம் இன்னும் சிறியது. 2016-இல் 49 விளம்பரங்களை வைத்துப் பல வாரங்கள் நடத்திய சோதனைகளில் சராசரி மாற்றம் மிகச் சிறியதாகவே இருந்தது. தாக்கும் விளம்பரமா, புகழும் விளம்பரமா, பார்ப்பவர் எந்தக் கட்சி என்பதெல்லாம் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. பெயரே தெரியாத கீழ்மட்டப் பதவிகளுக்கான தேர்தல்களில் விளம்பரம் அதிகம் உதவுகிறது. அதிபர் வேட்பாளரைப் பற்றியோ எல்லோருக்கும் ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இருக்கிறது.

3. எது எடுபடும் என்று கணிப்பது நிபுணர்களுக்கும் கைகூடவில்லை. பிரசாரத்தையே தொழிலாகக் கொண்டவர்களிடம் எந்தச் செய்தி மக்களை மாற்றும் என்று கேட்டுப் பார்த்த ஆய்வில், அவர்களுடைய கணிப்பு குருட்டாம்போக்கில் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் மேலாக இருந்தது. அதனால்தான் இப்போதெல்லாம் விளம்பரத்தை ஒளிபரப்பும் முன் ஒரு குழுவுக்குக் காட்டி, இன்னொரு குழுவுக்குக் காட்டாமல் விட்டு, இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு ஒப்பிடுகிறார்கள்.

பிறகு ஏன் இத்தனை கோடி? தேர்தல் முடிவைப் பாருங்கள். 2016-இல் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் டிரம்ப் முந்திய வாக்குகளைக் கூட்டினால் 80,000-ஐத் தொடவில்லை. 2020-இல் பைடன் அரிசோனாவில் வென்றது 10,457 வாக்குகளில், ஜார்ஜியாவில் 11,779-இல். இந்த அளவு வித்தியாசத்தில் சிறிய தாக்கமும் சிறியது இல்லை. இரு தரப்பும் போட்டி போட்டுச் செலவழிப்பதால் ஒன்றின் தாக்கத்தை மற்றொன்று பெருமளவு அழித்துவிடுகிறது. ஒரு தரப்பு நிறுத்திவிட்டால்தான் உண்மையான பலம் தெரியும்.

பகிர்வும் கோபமும்

2004 ஆகஸ்டில், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரியின் வியட்நாம் போர்ச் சேவையைத் தாக்கி முன்னாள் படைவீரர்களின் குழு ஒன்று விளம்பரம் போட்டது. முதலில் மூன்று மாநிலங்களில் மட்டும், சுமார் 5 லட்சம் டாலர் செலவில். குற்றச்சாட்டுகள் கடற்படை ஆவணங்களோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் கேபிள் செய்திச் சேனல்கள் அதை விவாதிப்பதாகச் சொல்லி இலவசமாக நாடு முழுக்கக் காட்டின. கெர்ரி நேரடியாகப் பதில் சொல்ல இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். அதற்குள் அவரை அதுவரை சரியாக அறியாதவர்கள் அந்த விளம்பரத்தின் வழியாகவே அறியத் தொடங்கிவிட்டார்கள்.

இன்று அந்தச் சேனல்களின் வேலையை நாம் செய்கிறோம். "பாருங்கள், எவ்வளவு கேவலம்" என்று பகிர்பவரும் பரப்பத்தான் செய்கிறார். இதில் இன்னொரு மயக்கமும் உண்டு. என்னை இது ஏமாற்றாது, மற்றவர்கள் ஏமாந்துவிடுவார்கள் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். 1983-லிருந்தே ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்துவருகிறார்கள். பெர்ரி விளம்பரத்துக்கு வந்த டிஸ்லைக்குகளை வைத்து வாக்காளர் மனதை அளக்கப் பார்த்ததும் இதோடு சேர்ந்ததுதான். அந்த எண்ணிக்கையைப் பொதுவில் காட்டுவதை 2021 நவம்பரில் யூடியூப் நிறுத்திவிட்டது. பார்வை எண்ணிக்கையும் கருத்துப் பெட்டியும் இருக்கின்றன. அவற்றை வைத்தே இன்றும் செய்திகள் எழுதப்படுகின்றன.

படமே பொய்யானால்

இதுவரை சொன்ன விளம்பரங்களில் வசனம் பொய்யாக இருந்தாலும், காட்டிய ஆட்கள் நிஜம். டுகாகிஸ் உண்மையிலேயே டாங்கியில் ஏறினார். 2023 ஏப்ரலில் பைடன் மறுபடியும் போட்டியிடுவதாக அறிவித்த அன்றே, குடியரசுக் கட்சியின் தேசியக் குழு முழுக்கச் செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படங்களால் ஒரு காணொளி வெளியிட்டது. பைடன் மறுபடி வென்றால் வரக்கூடிய நிலை என்று சொல்லி, நடக்காத பேரிடர்களைக் காட்டியது. திரையின் மூலையில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது.

அதே ஆண்டு ஜூனில், குடியரசுக் கட்சியின் வேட்பாளர் ஆவதற்காக டிரம்போடு போட்டியிட்ட ரான் டிசாண்டிஸின் அணி வெளியிட்ட காணொளியில் அந்தக் குறிப்பும் இல்லை. டிரம்பும், கொரோனா காலத்தில் குடியரசுக் கட்சியினர் பலரின் கோபத்துக்கு ஆளான மருத்துவர் ஆண்டனி ஃபௌச்சியும் சேர்ந்து இருக்கும் ஆறு படங்களை அது ஒரே சட்டகத்தில் அடுக்கியது. அவற்றில் மூன்று, இருவரும் பல இடங்களில் சேர்ந்து நின்ற நிஜப் படங்கள். கட்டிப்பிடிப்பது போன்ற மற்ற மூன்றும் செயற்கையானவை என்று செய்தி நிறுவனங்கள் சோதித்துச் சொன்னன. அது இணையத்துக்காக மட்டும் வெளியிட்டது என்பதால், "இந்தச் செய்திக்கு என் ஒப்புதல் உண்டு" என்று சொல்ல வைக்கும் 2002 சட்ட விதி அதைக் கட்டுப்படுத்தவில்லை. சொல்லியிருந்தாலும், அந்த வரி எதற்குப் பொறுப்பேற்கிறது என்பதை முதலிலேயே பார்த்தோம்.